இரண்டு முறை பூச்சு அடித்தும் மாடித் தளம் ஏன் ஒழுகுகிறது?

கும்பகோணத்தில் 12 ஆண்டுகளுக்கு முன் கட்டிய வீடு, மேலே மொட்டை மாடி, மழைக்காலம் வந்தால் கூடத்து மின்விசிறிக் கொக்கியைச் சுற்றித் தண்ணீர் சொட்டுகிறது, இரண்டு கோடைகளில் இரண்டு முறை வாட்டர்புரூஃப் பூச்சு அடித்தும் நிற்கவில்லை, அடுத்து எந்த நிறுவனத்தின் பூச்சை வாங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வி பூச்சைப் பற்றியதாக இருந்தாலும், நீங்கள் தெரிந்துகொள்ள விரும்புவது ஒழுக்கு ஏன் நிற்கவில்லை என்பதைத்தான் என்று நினைக்கிறேன். அதற்கு விடை கிடைக்காத வரை மூன்றாவது பூச்சும் முதல் இரண்டின் வழியிலேயே போகும். ஆகவே பூச்சைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

நான் கட்டடப் பொறியியல் படித்தவன். காவிரிப் படுகை ஊர்களில் 20 ஆண்டுகளுக்கு மேலாக வீடு கட்டித் தருகிறேன், அதைவிட அதிகமாகப் பழைய வீடுகளைப் பழுது பார்க்கிறேன். மாடித் தளத்தில் நீர் எப்படி நடந்துகொள்ளும் என்பதை என்னால் உறுதியாகச் சொல்ல முடியும். உங்கள் தளத்தில் அது எந்த இடத்தில் நுழைகிறது என்பதை நீங்கள் அனுப்பிய இரண்டு படங்களை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. அப்படிச் சொல்கிறவரை நம்பிப் பணம் கொடுக்கவும் வேண்டாம். கீழே எழுதுவதில் எது நிச்சயம், எது என் ஊகம் என்பதைப் பிரித்தே எழுத முயல்கிறேன்.

முதலில் நிச்சயமானது: சொட்டும் இடம் வேறு, நுழையும் இடம் வேறு. கான்கிரீட் தளத்துக்குள் மின்கம்பிகள் போகும் பிளாஸ்டிக் குழாய்கள் புதைந்து கிடக்கின்றன. மேலே எங்கோ ஒரு வெடிப்பில் இறங்கிய நீர் அந்தக் குழாயின் இணைப்பு ஒன்றில் புகுந்துவிட்டால், குழாயோடு ஓடி, அது வாய் திறக்கும் விசிறிப் பெட்டியில்தான் வெளியே வரும். நுழைந்த இடம் 10, 15 அடி தள்ளிக் கைப்பிடிச் சுவரோரமாகக்கூட இருக்கலாம். விசிறிக்கு நேர் மேலே நான்கடி சதுரத்துக்குப் பூச்சு அடித்துவிட்டு, 'அடித்தேன், கேட்கவில்லை' என்று சொல்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். நீங்கள் அப்படிச் செய்தீர்களா, தளம் முழுவதும் அடித்தீர்களா என்று எழுதவில்லை. எப்படியானாலும், விசிறிப் பெட்டியில் நீர் தெரிந்தால் அந்த அறைக்கான மின் இணைப்பை உடனே நிறுத்திவிடுங்கள். காய்ந்து, மின்பணியாளர் ஒருவர் சோதித்த பிறகு போட்டுக்கொள்ளலாம்.

இரண்டாவது, அது மழைநீர்தானா என்று பார்க்க வேண்டும். இதில் நான் ஒரு முறை நன்றாக ஏமாந்திருக்கிறேன். மயிலாடுதுறைப் பக்கத்தில் ஒரு வீட்டில் படுக்கையறைக் கூரை நனைகிறது என்றார்கள். கார்த்திகை மாதம், வெளியே விடாத மழை. மேலே பதித்திருந்த தட்டோட்டை, அதாவது தட்டையான மண் ஓட்டைப் பார்த்தேன், சந்துகள் விட்டிருந்தன. மழை ஓய்ந்ததும் அந்த அறைக்கு மேல், ஓட்டுக்கு அடியிலிருந்த பழைய சுருக்கியை (செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த அடுக்கை) பெயர்த்துப் புதிதாகப் போட வைத்தேன். சித்திரையில் கூப்பிட்டு அனுப்பினார்கள். வானத்தில் ஒரு மேகம் இல்லை. கூரையில் அதே இடத்தில், அதே அளவில் ஈரம். வீட்டுக்கார அம்மா ஒன்றும் சொல்லவில்லை. ஒரு டம்ளர் மோரைக் கையில் கொடுத்துவிட்டு மேலே காட்டினார். மாடித் தொட்டியிலிருந்து குளியலறைக்கு இறங்கும் குழாய் சுவருக்குள் ஓரிடத்தில் கசிந்துகொண்டிருந்தது. தொட்டியின் வெளிவாயில் வால்வை இரவு மூடி, உள்ளே நீர்மட்டத்தைக் குறித்துவைத்துக் காலையில் பார்ப்பது, மறுநாள் வால்வைத் திறந்து வைத்து, வீட்டுக்குள் தண்ணீர் பிடிக்கும் குழாய்களை மட்டும் மூடி அதே மட்டத்தைப் பார்ப்பது என்று இரண்டு இரவு வேலையில் அது தெரிந்திருக்கும். அன்று முதல் இந்தச் சோதனையைச் செய்யாமல் நான் கடப்பாரையைத் தொட விடுவதில்லை. மேல்தளத்தில் குளியலறை இருந்தால் அதன் தரை, ஏசியின் கழிவுநீர்க் குழாய் ஆகியவற்றையும் இதே சந்தேகத்தோடு பார்க்க வேண்டும்.

மழைநீர்தான் என்றால், நேரத்தைக் கவனியுங்கள். மழை பிடித்த அரைமணிக்குள் சொட்ட ஆரம்பித்து, மழை நின்றதும் சீக்கிரமே நின்றுவிட்டால், நீருக்கு நேரான வழி ஒன்று இருக்கிறது என்று பொருள்: ஒரு வெடிப்பு, குழாய்த் துளை, அல்லது சுவரும் தளமும் சேரும் இடம். மாறாக, இரண்டு நாள் அடைமழைக்குப் பிறகே சொட்டத் தொடங்கி, வெயில் வந்த பின்னும் நாட்கணக்கில் விடாமல் சொட்டினால், மேலே உள்ள சுருக்கி முழுவதும் நீரைக் குடித்து வைத்திருக்கிறது என்று கொள்ளலாம். இது என் அனுபவ விதி, சட்டமல்ல. இரண்டும் ஒரே வீட்டில் சேர்ந்தும் வரும்.

காரணங்களில் முதலிடம் வாட்டத்துக்குத்தான், அதாவது நீர் ஓடுவதற்காகத் தளத்துக்குக் கொடுக்கும் சரிவுக்கு. 1,000 சதுர அடி மாடியில் 10 செ.மீ. மழை பெய்தால் சுமார் 9,300 லிட்டர் நீர் விழுகிறது. ஐப்பசி, கார்த்திகையில் புயல் சின்னம் ஒன்று நம் கடற்கரையை நெருங்கினால், ஒரே நாளில் இவ்வளவு விழுவது புதுமையல்ல. இந்த நீர் தங்காமல் ஓடிவிட்டால் சுமாரான தளம்கூடத் தாக்குப் பிடிக்கும். தேங்கி நின்றால் அருமையான தளமும் ஒரு நாள் தோற்கும். குறைந்தது 100க்கு 1 என்ற சரிவு வேண்டும், அதாவது 10 அடிக்கு ஒன்றேகால் அங்குலம். இதைக் கண்ணால் மதிப்பிட முடியாது. கொத்தனார் டியூப் லெவல் (மட்டம் பார்க்கும் நீர்க்குழாய்) வைத்துப் புள்ளி எடுக்க வேண்டும். வீட்டுக்காரர் செய்யக்கூடிய எளிய சோதனை ஒன்று உண்டு: மழை நின்று ஒரு மணி நேரம் கழித்து மாடிக்குப் போய், தேங்கிய ஒவ்வொரு குட்டையையும் சுற்றிச் சுண்ணக்கட்டியால் கோடு போட்டு, மாடி முழுவதையும் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். காய்ந்த பிறகு வரும் ஆள் 'இங்கே எங்கே தேங்குகிறது?' என்று கேட்க முடியாது. பழுது பார்ப்பவரிடம் பேசும்போது அந்தப் படம் பத்து ஆலோசனைகளுக்குச் சமம்.

வாட்டம் சரியாக இருந்தும் மழைநீர் வெளியேறும் வாய் அடைத்திருந்தால் பயனில்லை. வேப்பிலை, தென்னம்பாளைத் தூள், குழந்தைகளின் பந்து, ஒரு பழைய பிளாஸ்டிக் பை, இவ்வளவு போதும். 2003இல் தமிழகத்தில் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானபோது, பல வீடுகளில் தனித்தனியாக இருந்த வாய்களை ஒன்று சேர்த்து ஒரே குழாயாக இறக்கிவிட்டார்கள். நோக்கம் மிக நல்லது, ஆனால் அந்த ஒரு குழாய் அடைத்தால் மாடி முழுவதும் குளமாகிவிடும். எவ்வளவு சிறிய மாடியானாலும் 4 அங்குல வாய் குறைந்தது இரண்டு இருக்கட்டும் என்பது என் வழக்கம். 500 சதுர அடிக்கு ஒன்று என்று கணக்கு வைத்துக்கொள்கிறேன்.

அடுத்தது சுருக்கி. கான்கிரீட்டின் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து சராசரியாக 3 அங்குலம் போட்டு, அதன் மேல் தட்டோடு பதிப்பது நம் பக்கத்து முறை. பொதுப்பணித் துறைக் கணக்கில் 32 பங்கு ஜல்லிக்கு 12½ பங்கு நீற்றிய சுண்ணாம்பு, மணல் கிடையாது. போட்டுவிட்டுப் போகும் வேலை அல்ல இது. ஆட்கள் வரிசையாக உட்கார்ந்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளித்துக்கொண்டு, கட்டையால் நாள்கணக்கில் அடித்து இறுக்குவார்கள். சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை வாங்கி மெதுவாக இறுகும். மெல்லிய வெடிப்பு விட்டால், நீரில் கரைந்த சுண்ணாம்பே அங்கே மறுபடி படிந்து ஓரளவு அடைத்துக்கொள்ளும். இந்தத் தன்மை சிமென்டுக்குக் குறைவு. இப்போது அடிக்க ஆள் கிடைப்பதில்லை என்று சுண்ணாம்பைக் குறைத்து, சிமென்டைக் கலந்து, ஒரே நாளில் முடித்துவிடுகிறார்கள். பெயர் மட்டும் சுருக்கி. வெயிலில் விரியும் தளத்தோடு அது ஒத்துப் போகாமல் வெடிக்கிறது. நன்றாகச் செய்த சுண்ணாம்புச் சுருக்கிக்கு இணையான ஒன்றை நான் இன்னும் பார்க்கவில்லை. ஆனால் நன்றாகச் செய்ய ஆள் இல்லாத ஊரில் அதைப் பிடிவாதமாகக் கேட்பதும் சரியில்லை.

உங்கள் தட்டோட்டின் நிலையை நீங்களே அறியலாம். ஒரு சிறு சுத்தியல் அல்லது கனமான சாவியால் ஓடு ஓடாகத் தட்டிக்கொண்டே போங்கள். கணீரென்று கேட்டால் பிடிப்பு இருக்கிறது. பொள்ளென்று கேட்டால் அடியில் விட்டிருக்கிறது. ஓட்டுச் சந்து வழியாக இறங்கும் நீர் அடியிலுள்ள செங்கல் ஜல்லியில் தங்கிவிடும். செங்கல் எவ்வளவு நீர் குடிக்கும் என்பது சுவர் கட்டும்முன் கல்லை நனைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். உங்கள் இரண்டு பூச்சுகளும் தோற்றது இதனால்தான் என்பது என் வலுவான ஊகம்: மேலே காய்ந்து, உள்ளே ஈரம் இருந்த தளத்தை மூடியிருக்கிறார்கள், வெயில் ஏறியதும் உள்ளே இருந்த ஈரம் ஆவியாகி, வெளியே வர வழியில்லாமல் பூச்சைக் கொப்புளமாகத் தூக்கியிருக்கிறது. உங்கள் இரண்டாவது படத்தில் உரிந்து கிடப்பது அப்படித்தான் தெரிகிறது. பூச்சு அடிக்கும்முன் ஒன்றரை அடி சதுரப் பாலித்தீன் தாளை நான்கு பக்கமும் காற்றுப் புகாமல் ஒட்டி ஓர் இரவு விட்டுப் பாருங்கள். காலையில் தாளின் அடியில் முத்து முத்தாக நீர் கோத்திருந்தால் தளம் இன்னும் பூச்சுக்குத் தயாராகவில்லை.

மூன்றாவது, நான் அதிகம் பார்ப்பது, கைப்பிடிச் சுவர் தளத்தில் உட்காரும் மூலை. கான்கிரீட் ஒரு மாதிரி விரியும், செங்கல் சுவர் வேறு மாதிரி விரியும். 10 மீட்டர் நீளத் தளம் 30 பாகை வெப்ப மாற்றத்தில் ஏறக்குறைய 3 மி.மீ. நீளும், சுருங்கும். சித்திரை மதியத்துக்கும் மார்கழி விடியலுக்கும் இடையில் தளத்தின் மேற்பரப்பில் அந்த மாற்றம் எளிதாக வரும். 3 மில்லி பெரிதாகத் தோன்றாது, ஆனால் ஆண்டுதோறும் நடக்கும் இந்த இழுபறியில் மூலைப் பூச்சு மயிரிழையாக விட்டுவிடுகிறது. மழை சாரலாக அடிக்கும்போது சுவரில் வழியும் நீர் முழுவதும் அந்த இழைக்குத்தான் வந்து சேர்கிறது. ஆகவே மூலையைச் செங்குத்தாக விடாமல் சாய்வாக உருட்டிப் பூச வேண்டும். தளத்துக்குச் செய்யும் நீர்த்தடுப்பு சுவரில் ஓர் அடி உயரமாவது ஏற வேண்டும். சுவரின் தலைப்பு, அதாவது மேல்முகம், தெருப்பக்கம் அல்லாமல் மாடிப்பக்கம் சரிய வேண்டும். தலைப்பிலுள்ள வெடிப்பில் ஓர் அரசங்கன்றோ ஆலங்கன்றோ முளைத்திருந்தால், மேலே கிள்ளுவது அதற்கு உரம் போட்ட மாதிரி. வேரோடு எடுத்து, அந்த இடத்தைப் பெயர்த்துப் பூசினால்தான் திரும்ப வராது.

குழாய்த் துளைகளும் இந்தக் கணக்கில் சேரும். பிளாஸ்டிக் குழாயைச் சிமென்ட் பிடிப்பதில்லை. வெப்பத்தில் அது கான்கிரீட்டைப் போல் 5 மடங்குக்கு மேல் விரியும். குழாயைச் சுற்றி வெறும் கலவையை அப்பினால் அடுத்த கோடையிலேயே வளையமாக ஒரு சந்து விழும். சுருங்காத கலவையால் நிரப்பி, மேலே நெகிழும் தன்மையுள்ள அடைப்பானைப் போட வேண்டும். இப்போது சூரியமின் தகடுகளுக்கும் வெந்நீர்க் கருவிக்கும் தளத்தைத் துளைத்துப் போல்ட் இறக்குகிறார்கள். தனியே கான்கிரீட் கட்டைகளின் மேல் நிறுத்தச் சொல்லுங்கள். ஆனால் புயல் காற்று தூக்காத அளவுக்கு எடை கணக்கிடப்பட்டதா என்பதை அமைப்பவரிடம் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

கான்கிரீட்டே காரணமாக இருப்பதும் உண்டு. வார்க்கும் அன்று ஜல்லி தீர்ந்து பாதியில் நிறுத்தி மறுநாள் தொடர்ந்த இடம், கலவை ஓடட்டும் என்று நீரை அள்ளி ஊற்றிய தளம், சரியாகக் குத்தாமல் தேன்கூடு போல் நின்ற மூலை, இவையெல்லாம் பின்னால் ஒழுகும். வார்த்த பிறகு பாத்தி கட்டி நீர் நிறுத்துவதை மூன்றாம் நாளே விட்டுவிடுபவர்கள் இருக்கிறார்கள். இந்தியத் தரநிலை 456 சாதாரண சிமென்டுக்குக் குறைந்தது 7 நாள், சாம்பல் கலந்த சிமென்டுக்கு 10 நாள் என்கிறது. வறண்ட வெப்பத்தில் இவற்றை 10, 14 என்று கூட்டிக்கொள்ளச் சொல்கிறது. கடையில் இப்போது பெரும்பாலும் கிடைப்பது கலப்புச் சிமென்ட்தான் என்பதை நினைவில் வையுங்கள். கூரையின் அடியில் வெள்ளைக் கோடுகளும் சிறு விழுதுகளும் தெரிந்தால், நீர் கான்கிரீட்டிலுள்ள சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு நெடுநாளாக வருகிறது. பழுப்புக் கோடு தெரிந்தால் கம்பி துருப்பிடிக்கிறது. துரு தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைப்பதால் கூரையடிச் சிமென்ட் பூச்சைப் பெயர்த்துத் தள்ளுகிறது. பூச்சு பாளம் பாளமாக விழுந்து கம்பி தெரியும் நிலை வந்துவிட்டால், நான் இங்கே எழுதும் எதுவும் போதாது. அந்த அறையில் படுப்பதை நிறுத்திவிட்டு, கட்டட அமைப்புப் பொறியாளரை நேரில் அழைத்துக் காட்டுங்கள்.

இப்போது பூச்சு. கடையில் கிடைப்பவற்றை அக்ரிலிக், பாலியூரித்தேன், சிமென்டோடு பாலிமர் கலந்து பூசுவது, தார்ப் படலத்தைச் சூடாக்கி ஒட்டுவது என்று நான்கு வகையாகச் சொல்லலாம். வெயிலில் நேரடியாகக் கிடக்க வேண்டுமானால் அக்ரிலிக் விலை குறைவு, ஆனால் நீர் தேங்கும் இடத்தில் அது நீடிப்பதில்லை. பாலியூரித்தேன் நீளும், விலையும் அதிகம். சிமென்ட் பாலிமர் வகையும் தார்ப் படலமும் மேலே ஓடோ கலவையோ மூடியிருக்கும்போது நன்றாக உழைக்கின்றன. இவ்வளவு நிச்சயம். டப்பாவில் எழுதியிருக்கும் 7 ஆண்டு, 10 ஆண்டு உத்தரவாதங்களைப் பற்றி நான் ஒன்றும் உறுதி சொல்ல மாட்டேன். ஒரே பொருள் ஒரு வீட்டில் எட்டு ஆண்டு நின்றதையும், அடுத்த தெருவில் ஓராண்டில் உரிந்ததையும் பார்த்திருக்கிறேன். வேறுபாடு பெரும்பாலும் தளத்தைக் கம்பித் துடைப்பத்தால் தேய்த்துக் கழுவிக் காயவிட்டார்களா, முதல் கைப் பூச்சுக்கும் இரண்டாவது கைப் பூச்சுக்கும் இடையில் சொன்ன நேரம் காத்தார்களா, மூலையில் வலை வைத்தார்களா என்பதில்தான் இருந்தது. ஒன்றை மட்டும் தவிருங்கள்: பழைய ஓட்டின் மேலேயே 2 அங்குலம் கலவை போட்டுப் புது ஓடு பதிக்கலாம் என்று யாராவது சொன்னால், அது 1,000 சதுர அடிக்கு 9 டன்னுக்கு மேல் கூடுதல் பாரம். ஒழுகிக் கம்பி நனைந்த தளத்தின் மேல் அந்த எடையை ஏற்ற எனக்குத் துணிவு வராது.

ஓட்டு வீட்டுக்காரர்களும் இதைப் படிக்கக்கூடும் என்பதால் இரண்டு வரி. அங்கே ஒழுக்கு பெரும்பாலும் இரு கூரைகள் கூடும் கூடுவாயில் குப்பை சேர்வதாலோ, ஓட்டைத் தாங்கும் ரீப்பர் சட்டம் தொய்ந்து ஓடு நழுவுவதாலோ வருகிறது. வைகாசி, ஆனியில் ஒரு முறை ஓடு மாற்றினால் போதும். தகரக் கூரையில் முதலில் போல்ட்டின் வாஷர்களைப் பாருங்கள், வெயிலில் காய்ந்து பிளந்திருக்கும்.

உங்கள் வீட்டுக்கு வருகிறேன். மழை நெருங்கிவிட்ட நேரத்தில் பெரிய வேலை எதையும் தொடங்க வேண்டாம். வாய்களைச் சுத்தம் செய்து, கைப்பிடிச் சுவர் மூலையிலும் குழாய்த் துளைகளிலும் கண்ணுக்குத் தெரியும் வெடிப்புகளை மட்டும் அடைத்து, இந்த மழையைச் சோதனையாக வைத்துக்கொள்ளுங்கள்: தொட்டிச் சோதனை, குட்டைகளின் படம், மழை தொடங்கிய நேரம், முதல் சொட்டு விழுந்த நேரம். தை பிறந்து ஒரு மாதம் வெயில் காய்ந்த பிறகு, உரிந்த பூச்சைச் சுரண்டிவிட்டு ஓடுகளைத் தட்டிப் பாருங்கள். பொள்ளல் அங்கங்கே சில ஓடுகளில் மட்டும் என்றால், அவற்றை எடுத்துப் பதித்து, சந்துகளை அடைத்து, மூலைகளைச் சரிசெய்து, பாலித்தீன் சோதனையில் தேறிய பிறகு ஒரு பூச்சு அடித்தால் தீரும். பாதிக்கு மேல் என்றால் சுருக்கியோடு பெயர்த்து, கான்கிரீட்டின் வெடிப்புகளை அடைத்து, நீர்த்தடுப்பைக் கான்கிரீட்டின் மேலேயே செய்து, தொட்டி போல் 2 அங்குலம் நீர் நிறுத்தி 48 மணி நேரம் பார்த்த பிறகுதான் புதுச் சுருக்கி போட வேண்டும். அந்த நீர் மட்டுமே 1,000 சதுர அடிக்குச் சுமார் 4.7 டன் என்பதால், கீழே கம்பி துருப்பிடித்த அடையாளம் இருந்தால் இந்தச் சோதனையை ஒரு பொறியாளர் பார்க்காமல் செய்யாதீர்கள். பொள்ளலான ஓடுகளைச் சுண்ணக்கட்டியால் குறித்து மாசியில் ஒரு படம் போட்டால், இந்த இரண்டு வழிகளில் உங்களுக்கு எது வேண்டும் என்பதை இப்போதைவிடத் தெளிவாக என்னால் சொல்ல முடியும்.